வளரும் பிள்ளைகளின் பல் நலமும் உடனிருப்போரும்

(பங்கின் பொன்விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் – இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஓர் உரைக்கு இருவர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் கணவன் மனைவி. இருவருமே பல் மருத்துவர்கள். இந்த உரையைச் சேர்ந்தே எழுதினோம். ஒருவர் படிப்பதென்றும், தவறாகப் படித்தால் மற்றவர் எழுந்து திருத்துவதென்றும் ஏற்பாடு. வீட்டிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான்.

பல்வலிக்காரர்களுக்கென்று திருச்சபையில் ஒரு பாதுகாவலர் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அலெக்சாந்திரியா நகரில் மறைசாட்சியாக உயிர் நீத்த புனித அப்பொலோனியா அவர். பிப்ரவரி 9 அவருடைய திருநாள். படங்களில் அவர் கையில் ஒரு குறடும், அந்தக் குறட்டில் ஒரு பல்லும் இருக்கும். அந்தப் படத்தை எங்கள் மருத்துவமனைச் சுவரில் மாட்டலாமா என்று ஒருமுறை யோசித்தோம். இருக்கிற பயம் போதும் என்று விட்டுவிட்டோம்.

பங்குத்தந்தை அவர்கள் எங்களிடம் கேட்டுக்கொண்டது, பிள்ளைகளுக்குப் பல் துலக்கும் முறையைச் சொல்லிக் கொடுங்கள் என்பதுதான். அதற்காகவே சென்ற மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும், இதே மண்டபத்தில் பெரிய பிள்ளைகளின் பற்களைப் பார்த்தோம். பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் பல்லை எப்படித் துலக்க வேண்டும் என்று கேட்டோம். காலையும் இரவும் இரண்டு வேளை, இரண்டு நிமிடம், ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கி என்று ஞானோபதேசக் கேள்வி பதிலைப் போல ஒப்பித்தார்கள். எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் சரியான விடையைச் சொன்ன அதே வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல்லில் சொத்தை, ஈறு ஓரத்தில் காறை, தொட்டால் இரத்தம். ஆகவே பிள்ளைகளுக்கு முறை தெரியவில்லை என்று எண்ணி நாங்கள் எழுதி வைத்திருந்த உரையைக் கிழித்துவிட்டு, வேறோர் உரை எழுத வேண்டியதாயிற்று.

அறிவு மட்டும் பல்லைக் காக்காது என்பதற்கு எங்கள் துறையிலேயே ஒரு சான்று உண்டு. டென்மார்க் நாட்டின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆய்வு செய்து, அதை 1965-இல் வெளியிட்டார்கள். நல்ல ஈறுகளை உடைய 12 பேரைப் பல் துலக்குவதை அறவே நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். பத்து நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் எல்லாம் சரியாயிற்று. பல்லைப் பற்றியே படிப்பவர்களின் கதி இது! படிப்பு தலையில் இருந்தது; ஈறுக்கு வேண்டியது நாள்தோறும் தவறாத பழக்கம். அந்தப் பழக்கம் ஒரு பிள்ளையிடம் எப்படி நிலைக்கிறது, எதனால் கலைகிறது என்று கேட்டுக்கொண்டே போனால், அவனைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்ற இடத்தில்தான் போய் நிற்போம்.

எங்களிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் இந்தப் பங்கைச் சேர்ந்தவன் அல்லன். நம் மாவட்டத்துப் பையன்தான். தாயும் தந்தையும் பெங்களூரில் கட்டட வேலை. மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார்கள். பையன் பாட்டியோடு இருந்தான். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எத்தனை வீடுகளில் இந்த நிலை என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வயதில் கீழ்க்கடைவாயில் வலி என்று பாட்டியோடு வந்தான். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல் அது. பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால், அதையும் பால்பல் என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டியும் அப்படித்தான். "விழுந்தா மறுபடி மொளைக்கும்னு நெனச்சேன் சாமி" என்றார்.

பல்லில் பெரிய குழி. ஆனால் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றக்கூடிய நிலை. அன்று எங்களுக்குக் கூட்டம் அதிகம். நாங்கள் என்ன செய்தோம்? திட்டினோம். "இவ்வளவு பெரிய பையன், பல் துலக்கத் தெரியாதா? இப்படியா நாறவிட்டு வைப்பாய்?" என்று காத்திருந்த நாலு பேர் காதில் விழும்படி சொன்னோம். நல்லதற்குத்தான் சொல்கிறோம் என்று அப்போது நம்பினோம். மறுவாரம் வரச் சொன்னோம். அவன் வரவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஓர் இரவு கடை அடைக்கிற நேரத்தில், கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிய நிலையில் வந்தான். மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து அவனுடைய நண்பன் அழைத்து வந்திருந்தான். காய்ச்சல் வேறு. முதலில் சீழ் வெளியேற வழி செய்து மருந்து கொடுத்தோம். வீக்கம் தணிந்தபின் பல்லை எடுக்கத்தான் முடிந்தது. பதினாறு வயதில், இனி முளைக்கவே முளைக்காத ஒரு பல்.

ஏன் வரவில்லை என்று கேட்டோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நண்பன்தான் சொன்னான்: "நீங்க திட்டுவீங்கன்னு வரல சார். வீட்ல சொன்னா அவங்க அப்பா கூலிய விட்டுட்டு பஸ் ஏறணும். அதான் என்கிட்ட மட்டும் சொன்னான்." இரண்டு ஆண்டுகளாக வலி வரும்போதெல்லாம் இந்த நண்பன்தான் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறான்; கிராம்பு வைக்கச் சொல்லியிருக்கிறான்; வலது பக்கம் மென்று தின்னச் சொல்லியிருக்கிறான். மருத்துவம் தெரியாத பதினாறு வயதுப் பையன் தன்னால் ஆனதைச் செய்தான். மருத்துவம் தெரிந்த நாங்கள் செய்ததை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் நாங்கள் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்விகள் மாறிவிட்டன. எத்தனை வேளை துலக்குகிறாய் என்று கேட்பதற்கு முன், இரவு யாரோடு சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், பல் வலித்தால் யாரிடம் முதலில் சொல்வாய் என்று கேட்கிறோம். கடைசிக் கேள்விக்குச் சட்டென்று ஒரு பெயரைச் சொல்லும் பிள்ளையைப் பற்றி எங்களுக்கு அவ்வளவு கவலை இல்லை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சிரிக்கும் பிள்ளையை மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்கிறோம்.

இரவில் துலக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் துலக்காத வீடு நம் ஊரில் கிடையாது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதி என்று சொன்ன ஊர் அல்லவா இது! ஆனால் இரவுத் துலக்கல் நமக்குப் புதிது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால், பல்லில் ஒட்டிய மிச்சத்தைக் கழுவிவிட ஆளில்லை. கிருமிகளுக்கு அதுவே வேட்டை நேரம். அப்பா படுக்கப் போகுமுன் வாசலில் நின்று பல் துலக்கினால் மகனும் பக்கத்தில் வந்து நிற்கிறான். இதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு "போய்ப் பல்லை விளக்குடா" என்றால், "சரிப்பா" என்ற பதிலோடு அது முடிந்துவிடுகிறது. பகல் வேலை, இரவு வேலை என்று ஆளுக்கொரு நேரத்தில் படுக்கும் வீடுகளில் பாவம், யாரைப் பார்த்து யார் பழகுவது? ஓசூர்த் தொழிற்சாலைகளில் முறை மாற்றி வேலை செய்யும் ஒரு தாய், இரவு ஒன்பதரைக்குத் தொலைபேசியில் மகளை அழைத்து, பேசி முடித்ததும் "இப்போ ரெண்டு பேரும் பல் வெளக்குவோம்" என்பாராம். அந்த மகளின் வாயில் ஒரு சொத்தைகூட இல்லை. இதற்கு மேல் நாங்கள் என்ன மருந்து எழுதிக் கொடுக்க?

ஐரோப்பிய நாடுகளில் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில், நாளுக்கு ஒரு வேளைக்கு மேல் துலக்குவோரில் பெண்பிள்ளைகளே எப்போதும் முந்தி நிற்கிறார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தான் என்பது எங்கள் அனுபவம். பெண்ணுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்குகிறோம்; ஆண்பிள்ளை எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிடுகிறோம். பல்லுக்கு ஆண் பெண் வேறுபாடு தெரியாது, ஐயா.

இனி இனிப்பு. இனிப்போ மாவுப் பண்டமோ வாயில் பட்டதும் கிருமிகள் அமிலத்தைச் சுரக்கின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைச் சமன் செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பது பெரிது. இதை உலகம் அறிந்துகொண்ட விதம் வேதனைக்குரியது. 1940-களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டில், வீபெஹோல்ம் என்ற இடத்தில் மனவளர்ச்சி குன்றியோர் வாழ்ந்த ஒரு நிலையத்தில், அங்கிருந்தோருக்கு ஒட்டும் மிட்டாயை வேளைக்கு வேளை இடையே கொடுத்து, பல் சொத்தையாவதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். பலருடைய பற்கள் பாழாயின. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை; அவர்களுக்காகக் கேள்வி கேட்கவும் யாரும் இல்லை. அந்த அறிவு பின்னர் அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. இனிப்பைச் சனிக்கிழமை மட்டும் தின்பது என்று வீடுகள் பழக்கிக்கொண்டன. இன்றும் அங்கே "சனிக்கிழமை மிட்டாய்" என்பது ஒரு வழக்கம். தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சனிக்கிழமைக்குக் காத்திருந்தால், காத்திருப்பது ஒரு பிள்ளைக்கும் கடினமில்லை. நம் பிள்ளை மட்டும் தனியாகக் காத்திருக்க வேண்டுமென்றால் அது தண்டனை.

நம் இளைஞர்கள் தனியாகத் தின்பதில்லை. பள்ளி விட்டதும் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குளிர்பானப் புட்டியை வாங்கி, ஆளுக்கு ஒரு வாய் என்று அரை மணி நேரம் சுற்றுக்கு விடுகிறார்கள். நட்புக்கு நல்லது; பல்லுக்கு அரை மணியும் அமிலம். நாங்கள் புட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, அப்புறம் அரட்டை அடியுங்கள் என்கிறோம். ஒருவன் கொப்பளித்தால் கேலி செய்வீர்கள். ஐந்து பேரும் கொப்பளித்தால் யார் யாரைக் கேலி செய்வது?

பாக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை. குட்கா, பான் மசாலா, பொட்டலப் பாக்கு எதுவானாலும், முதல் பொட்டலத்தைத் தன் காசில் வாங்கிய பையனை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அண்ணன் கொடுத்தான், கூட்டாளி கொடுத்தான், வேலை கற்றுக்கொள்ளப் போன இடத்தில் மேஸ்திரி கொடுத்தார் என்பார்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தரவல்லது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2004-இல் அறிவித்தது. புகையிலைப் பொருள்களைப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதையும் 2003-ஆம் ஆண்டு மையச் சட்டம் தடுக்கிறது. தமிழ்நாட்டில் புகையிலை கலந்த குட்கா, பான் மசாலா வகைகளுக்கு 2013-இல் தனியாகவும் தடை வந்தது. சட்டம் கடைக்காரருக்கு, கூட்டாளிக்கு எந்தச் சட்டம்? நாள்பட மென்றால் கன்னத்தின் உள்தோல் இறுகி நார்போல் ஆகிவிடும். உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள். சோற்று உருண்டையை வாய்க்குள் வைக்க முடியாத இருபது வயது இளைஞனை நாங்கள் பார்த்திருக்கிறோம். இந்தப் பழக்கத்தை விட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். அவர்களில் அநேகமாக எல்லாருமே ஜோடியாகவோ கூட்டமாகவோ விட்டவர்கள். தொடங்கி வைத்த கூட்டாளியே நிறுத்தவும் துணை வந்திருக்கிறான்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பல்லில் பழுப்புக் கறை. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் புளோரைடு அளவுக்கு மீறி இருந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஏறத்தாழ எட்டு வயது வரை, பல் ஈறுக்குள்ளே உருவாகும் காலத்தில் அந்த நீரைக் குடித்தால், பல் கறையோடுதான் முளைக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது இதற்காகவும்தான். இந்தக் கறை அழுக்கல்ல, சோம்பலின் அடையாளமுமல்ல. எந்தப் பசையாலும் பொடியாலும் தேய்த்து எடுக்க முடியாது. ஆனால் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்கிறார்கள்? வகுப்பில் "மஞ்சப் பல்லு" என்று பெயர் வைக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே பேசும் ஒரு பெண்பிள்ளை எங்களிடம் வந்தாள். பதின்மூன்று வயது. கரியும் உப்பும் செங்கல் தூளும் சேர்த்து நாளுக்கு நான்கு தடவை தேய்த்திருக்கிறாள். கறை போகவில்லை, ஈறு இறங்கி, பல்லின் கழுத்து தேய்ந்து, குளிர்ந்த நீர் பட்டால் துடித்தாள். இதற்கு நேர்மாறாக, தேய்த்தும் பயனில்லை என்று துலக்குவதையே விட்டுவிட்ட பையன்களும் உண்டு. இரண்டு வகைக்கும் காரணம் ஒன்றே. அது நீரில் இல்லை, பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் நாக்கில் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நாங்கள் செய்த சிகிச்சை சிறிது. பெரிய சிகிச்சையைச் செய்தவர் அவளுடைய வகுப்பாசிரியை. அவர் ஒருநாள் வகுப்பில் தம் மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டி, "எனக்கும் இருக்கு, பாருங்க. நானும் இந்த ஊர்த் தண்ணியக் குடிச்சு வளந்தவதான். இன்னும் யாருக்கெல்லாம் இருக்கு?" என்றாராம். ஒன்றிரண்டாகத் தொடங்கி, வகுப்பில் பாதிக்கு மேல் கை தூக்கிவிட்டார்கள். பெயர் வைத்த பையனும் தூக்கினானாம். மூன்று மாதம் கழித்து அவள் வந்தபோது கைக்குட்டை இல்லை. மென்மையான தூரிகையும் சாதாரணப் பற்பசையும் போதும் என்று நாங்கள் முன்பே சொன்னதை அப்போதுதான் கேட்கத் தொடங்கியிருந்தாள்.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்டுக்கொள்வது சிறிது. பிள்ளை பல்வலி என்றால் முதல் வார்த்தையாக "மிட்டாய் தின்னாதேன்னு சொன்னேனே கேட்டியா" என்று தொடங்காதீர்கள். அதை இரண்டாம் நாள் சொல்லிக்கொள்ளலாம். செலவுக்கு அஞ்சி அவன் மறைக்கிறான் என்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு இருப்பதைச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழுவினர் வந்து பதினெட்டு வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கிறார்கள்; பல்லும் அந்தப் பட்டியலில் உண்டு. அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டு எத்தனை புத்தகப் பைகளின் அடியில் மடிந்து கிடக்கிறதோ! இன்றிரவு பைக்குள் கைவிட்டுப் பாருங்கள். பெற்றோர் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோ, மறைக்கல்வி ஆசிரியரோ, இளைஞர் மன்றத்து அண்ணனோ துணைக்குப் போகலாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் நின்றால் பயம் பாதியாகிவிடும். இதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம்.

எங்கள் மருத்துவமனையில் உள் அறைக் கதவின் மேல் பல ஆண்டுகளாக "நோயாளிகள் மட்டும்" என்று ஒரு பலகை தொங்கியது. அந்தப் பையனின் பல்லை எடுத்த அன்று, நண்பனை நாங்கள் வெளியே நிற்கச் சொன்னோம். அவன் பலகையைப் படித்துவிட்டு, "சார், அவன் கையப் புடிச்சிக்கிட்டு நின்னுக்கறேன், எதையும் தொட மாட்டேன்" என்றான். நின்றான். அன்று மாலையே பலகையைக் கழற்றி, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டோம்.

பல் இழந்த அந்தப் பையன் இப்போது வேலைக்குப் போகிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தானாக வருகிறான். சென்ற முறை தனியாக வரவில்லை. தன்னோடு வேலை செய்யும் பதினேழு வயதுப் பையன் ஒருவனைத் தோளில் கைபோட்டு இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். "திட்ட மாட்டாங்கடா, வாயத் தெற" என்று சொல்லிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு இதே மண்டபத்தில் மீண்டும் பார்க்கிறோம். முக்காலியையும் கொண்டு வருகிறோம்.